துன்ஹுவாங்: அழைக்கும் திரை, தடுக்கும் கதவு

துன்ஹுவாங்கின் 285ஆம் எண் குகையில் பிள்ளையார் இருக்கிறார். அதே சுவரில் குமரனும் மகேசுவரனும் இருக்கிறார்கள். சீனாவின் கான்சு மாகாணத்துப் பாலையில், கி.பி. 538, 539ஆம் ஆண்டுகளைக் குறிக்கும் எழுத்துகள் கொண்ட பௌத்தக் குகை அது. நேரில் போகிறவர்கள் தனிக்கட்டணம் கட்டினால்தான் அதற்குள் நுழையலாம். 2016இல் தொடங்கிய ‘டிஜிட்டல் துன்ஹுவாங்’ தளத்தில் அதையும் சேர்த்து முப்பது குகைகளை இலவசமாகச் சுற்றிவரலாம். தூரிகைக் கோடு தெரியுமளவுக்குச் சுவரைப் பெரிதாக்கலாம். வழிகாட்டியின் டார்ச் வெளிச்சத்தில் இதில் பாதிகூடத் தெரியாது.

நாடு கடந்த பண்பாட்டுச் சுற்றுலாவுக்கு மெய்நிகர் அருங்காட்சியகமே வழி என்று பேசுபவர்கள் துன்ஹுவாங்கை உதாரணம் காட்டுவதில் வியப்பில்லை. ஆனால் அங்கே இந்தத் தொழில்நுட்பத்தைக் கையிலெடுத்தது கூட்டத்தைக் கூட்டுவதற்காக அல்ல. மொகாவ் எனப்படும் இந்தக் குகைத்தொகுதியின் சுவர்களில் ஏறக்குறைய 45,000 சதுர மீட்டர் ஓவியம் இருக்கிறது. பார்வையாளர்களின் மூச்சிலிருந்து வரும் ஈரத்தைச் சுவரிலுள்ள உப்பு உறிஞ்சும்; உலரும்போது வண்ணப் பூச்சைப் பெயர்க்கும். இதைத் தடுக்க வேண்டும் என்ற கவலையில்தான், அங்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றிய ஃபான் ஜின்ஷி குகைகளைக் கணினியில் பதிவுசெய்ய முனைந்தார்.

நடந்தது வேறு. 2014இல் குகைகளிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி ஒரு டிஜிட்டல் மையம் கட்டினார்கள். முதலில் அங்கே இரண்டு படங்கள் பார்க்க வேண்டும். ஒன்று, தலைக்குமேல் வளைந்த கூரைத்திரையில் ஓடுவது. பிறகு பேருந்தில் போய் எட்டுக் குகைகளைப் பார்க்கலாம். குகைக்குள் நிற்கும் நேரம் குறைந்தது உண்மை. அந்தக் கணக்கைக் காட்டியே நாளொன்றுக்கு 3,000 பேர் என்றிருந்த வரம்பை 6,000 ஆக்கினார்கள். கூட்டம் மிகுந்த நாட்களில் படமில்லாமல் நான்கு குகைகளை மட்டும் காட்டும் அவசரச் சீட்டும் உண்டு. அதில் இன்னும் 12,000 பேர் வரை போகலாம். காப்பதற்கென்று வந்த கருவி சீட்டு விற்பனைக்குச் சாக்காகிவிட்டது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. திரையில் கண்டு மயங்கியவர் கடல் கடந்து வந்து, அவசரச் சீட்டோடு வரிசையில் நிற்பதைச் சுற்றுலாத் துறை வெற்றி என்று எழுதிக்கொள்ளலாம். சுவர் அப்படி எழுதாது.

இந்தத் தொழில்நுட்பம் தன் பெயருக்கு நியாயம் செய்யும் இடம் வேறொன்று. 1900இல் மூடிக்கிடந்த ஓர் அறை திறந்தது; அதுவே இன்று 17ஆம் எண் குகை. உள்ளே பல்லாயிரம் சுவடிகள், பட்டு ஓவியங்கள். 1907இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைனும் மறு ஆண்டு பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோவும் வந்து, சிறு தொகை கொடுத்து, வண்டி வண்டியாக ஏற்றிச் சென்றார்கள். சுவடிகள் லண்டன், பாரிஸ் என்று சிதறின. 1994இல் பிரிட்டிஷ் நூலகத்தை மையமாகக் கொண்டு தொடங்கிய பன்னாட்டு துன்ஹுவாங் திட்டம் அவற்றை இணையத்தில் ஒன்றுசேர்த்து வருகிறது. வேறு வேறு நகரங்களில் கிடப்பவற்றை ஆய்வாளர் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடலாம். எந்த விமானச் சீட்டாலும் இது முடியாது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. படத்தைக் கொடுத்துவிட்டோமே, பொருளை ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல இது வசதியாகிவிடுகிறது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அதன் சுவடிப் படங்களும் நெடுநாள் கிடைக்காமல் போயின. பொருளும் படமும் அடுத்தவர் வீட்டிலேயே இருந்தால் இப்படித்தான்.

பயணத்தைத் தூண்டும் திறமை திரைக்குத் தனியாக இருப்பதாகவும் தெரியவில்லை. 2016இல் லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி மையம் 45ஆம் எண் குகையை முப்பரிமாணத் திரையில் காட்டியது. கூடவே 275, 285, 320ஆம் குகைகளை முழு அளவில், கையால் வரைந்த நகல்களாக நிறுத்தியது. கூரையை அண்ணாந்து பார்க்கும் கழுத்து வலியைத் திரை தராது; நகல் தரும்.

துன்ஹுவாங்கை நேரில் காணக் கான்சுவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஸ்டைனின் பயணச் செலவில் பெரும்பங்கு அன்றைய இந்திய அரசினுடையது. அதனால் அவர் எடுத்துவந்த பட்டு ஓவியங்களில் கணிசமான பகுதி இன்று டெல்லி தேசிய அருங்காட்சியகத்தின் சொத்து. மெய்நிகர் துன்ஹுவாங் உண்மையிலேயே எல்லை கடந்ததாக இருக்க வேண்டுமென்றால், பார்வையாளரைக் கான்சுவுக்கு மட்டும் இழுக்காமல் டெல்லிக்கும் பாரிஸுக்கும் லண்டனுக்கும் பிரித்து அனுப்பலாம். குகைகளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். நமக்கோ, டெல்லிக்குப் போக விசா கூடத் தேவையில்லை.