தீர்ப்பு யாருடையது? கிரகாம் கிரீன் நாவலில் தற்கொலையும் மன்னிப்பும் மீட்பும்

முன்னுரை

கிறித்துவப் பின்னணி கொண்ட இலக்கியங்களைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் என்றேனும் ஒருநாள் எதிர்கொள்ளும் வினா ஒன்றுண்டு. தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவனுக்கு இறைவனின் மன்னிப்பு உண்டா என்பதே அது. கேட்கும் மாணவர் கதைமாந்தரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நாம் உறுதியாகக் கொள்ள இயலாது. ஆகவே இவ்வினாவுக்கு அளிக்கப்படும் விடை இலக்கியத் திறனாய்வின் எல்லையைத் தாண்டியும் சென்று சேரும்.

இவ்வினாவையே மையமாகக் கொண்ட நாவல் கிரகாம் கிரீன் 1948இல் வெளியிட்ட ‘தி ஹார்ட் ஆஃப் தி மேட்டர்’. 1926இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த கிரீன், 1942-43ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய உளவுத்துறைப் பணியாளராக மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் தங்கியிருந்தார். அந்த அனுபவமே நாவலின் களமாயிற்று. நாவலின் நாயகன் ஸ்கோபி மீட்படைந்தானா என்பதைப் பற்றியே திறனாய்வாளர் பலர் விவாதித்துள்ளனர். அவ்விவாதம் நாவலின் உண்மையான வினாவைத் தவறவிடுகிறது என்பதும், தீர்ப்பு வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே கிரீன் எழுப்பும் வினா என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

கொள்கையின் பின்புலம்

விவிலியத்தில் தன்னுயிர் நீத்தோர் சிலர் இடம்பெறுகின்றனர். சவுல், அகித்தோப்பேல், சிம்ரி, யூதாஸ் ஆகியோர் அவருள் குறிப்பிடத்தக்கவர். இவர்களுடைய செயலை விவிலியம் எடுத்துரைக்கிறதே தவிர, அச்செயலைத் தனித்துச் சுட்டி விலக்கும் வெளிப்படையான கட்டளை ஒன்றும் அதில் இல்லை. அவ்விலக்கைக் கோட்பாடாக வகுத்தவர் புனித அகுஸ்தீன் ஆவார். கி.பி. 410இல் உரோமை நகர் சூறையாடப்பட்டபின் அவர் எழுதத் தொடங்கிய ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் முதற்பகுதியில், கொலை செய்யாதே என்னும் கட்டளை தன்னைத்தானே கொல்வதையும் உள்ளடக்கும் என வாதிடுகிறார். அவ்வாதம் எழுந்த சூழல் நோக்கத்தக்கது. படையினரின் வன்முறைக்கு ஆளான பெண்கள் மானத்தின் பொருட்டு இறந்திருக்க வேண்டும் என்று ஊரார் பேசியபோது, அப்பெண்கள் குற்றமற்றவர்கள், அவர்கள் சாக வேண்டியதில்லை என்று நிறுவவே அகுஸ்தீன் முற்பட்டார். பிற்காலத்தில் தண்டனையாக இறுகிய கொள்கை, தோற்றத்தில் வாழ்வோரைக் காக்கும் அரணாக இருந்தது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் மூன்று காரணங்களை முன்வைத்தார். தற்கொலை இயற்கையான தன்னன்புக்கு முரணானது; சமூகத்துக்கு இழைக்கும் அநீதி; உயிரின் உரிமையாளராகிய இறைவனுக்கு எதிரானது. இவற்றோடு, மனம் வருந்தித் திரும்பக் காலம் எஞ்சாமையையும் அவர் சுட்டுகிறார். மீட்பைப் பற்றிய அச்சம் முழுதும் இக்கருத்திலேயே வேர்கொண்டுள்ளது எனலாம். மன்னிக்க முடியாத அளவுக்குப் பாவம் பெரிது என்பதன்று இங்குள்ள சிக்கல். மன்னிப்புக் கேட்க நேரமில்லை என்பதே. மார்ட்டின் லூதரின் உரையாடல்களாகத் தொகுக்கப்பட்டவற்றில் வேறொரு நோக்கைக் காண்கிறோம். தற்கொலை செய்துகொண்டோர் அனைவரும் நரகத்துக்கு உரியவர் என்று தாம் கருதவில்லை என்றும், காட்டில் கள்வனால் கொல்லப்பட்டவனைப் போல் அவர்கள் வேறொரு வலிமையால் வீழ்த்தப்பட்டவர்கள் என்றும் அவர் கூறியதாக அறிகிறோம்.

தமிழ்க் கிறித்துவ வழக்கும் இச்சிக்கலைத் தன் சொற்களில் தாங்கி நிற்கிறது. இயேசுவை மறுதலித்த பேதுருவும் காட்டிக்கொடுத்த யூதாஸும் இருவருமே பின்னர் வருந்தினர். பழைய தமிழ் விவிலியம் மத்தேயு 27ஆம் அதிகாரத்தில் யூதாஸின் வருத்தத்தை ‘மனஸ்தாபம்’ என்னும் சொல்லாலேயே குறிக்கிறது. கத்தோலிக்கரின் பழைய செபமொழியிலோ, பாவத்தைப் போக்கும் தூய வருத்தத்துக்கு ‘உத்தம மனஸ்தாபம்’ என்று பெயர். பெயர்த்தோர் வேறு, செபித்தோர் வேறு எனினும் சொல் ஒன்றே. இருவருள்ளும் வருத்தம் இருந்தது. பேதுருவிடம் மீண்டும் ஏற்கப்படுவோம் என்ற நம்பிக்கையும் எஞ்சியிருந்தது. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்தினால் ஸ்கோபியை விளங்கிக்கொள்வது எளிதாகும்.

பெம்பர்ட்டனும் ஸ்கோபியும்

ஸ்கோபி ஒரு பிரித்தானியக் குடியேற்ற நாட்டில் காவல்துறைத் துணை ஆணையன். நேர்மைக்குப் பெயர்பெற்றவன். மனைவி லூயிசின் துயரைத் தாளாமல், அவளைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புவதற்காக யூசெப் என்னும் வணிகனிடம் கடன் வாங்குகிறான். அவள் இல்லாத காலத்தில், கப்பல் மூழ்கியதில் கணவனை இழந்த இளம்பெண் ஹெலனுடன் உறவு ஏற்படுகிறது. லூயிஸ் திரும்பிவந்து தன்னுடன் நற்கருணை வாங்க அழைக்கிறாள். ஹெலனைக் கைவிடுவதாக வாக்களிக்க இயலாததால் அவன் பாவசங்கீர்த்தனத்தில் மன்னிப்புப் பெறவில்லை. ஆயினும் மனைவிக்கு ஐயம் எழாதிருக்கச் சாவான பாவத்துடனேயே நற்கருணை வாங்குகிறான். இரு பெண்களையும், தான் புண்படுத்தும் இறைவனையும் தன்னிடமிருந்து விடுவிக்க ஒரே வழி தன் இறப்பே என்ற முடிவுக்கு வருகிறான். நோயால் இறந்ததாகத் தோன்றும்படி நாட்குறிப்பில் பொய்க்குறிப்புகளை எழுதிவைத்து உயிர் துறக்கிறான்.

இக்கதையின் முற்பகுதியில் வரும் ஒரு நிகழ்ச்சி திறனாய்வாளரின் போதிய கவனத்தைப் பெறவில்லை என்றே தோன்றுகிறது. உள்நாட்டுப் பகுதி ஒன்றில் பெம்பர்ட்டன் என்னும் இளம் அதிகாரி தற்கொலை செய்துகொள்கிறான். விசாரிக்கச் செல்பவன் ஸ்கோபி. அங்குள்ள கிளே பாதிரியார், தற்கொலை மனிதனை இறையிரக்கத்துக்கு வெளியே நிறுத்திவிடும் என்று கலங்குகிறார். ஸ்கோபியோ, இளையோர்மீது இறைவன் இரங்கமாட்டார் என்பதைத் திருச்சபையாலும் தனக்குக் கற்பிக்க முடியாது என்ற பொருளில் மறுத்துரைக்கிறான். கத்தோலிக்கனல்லாத அப்பையன் அறியாமையால் செய்தவன் என்பதும், அறிந்து செய்வோருக்கே தண்டனை என்பதும் அவன் எண்ணம்.

பெம்பர்ட்டன் தன் இறுதிக் கடிதத்தில் இட்ட செல்லப்பெயர் டிக்கி. லூயிஸ் தன் கணவனை அழைக்கும் செல்லப்பெயர் டிக்கியை ஒத்தொலிக்கும் திக்கி. காய்ச்சல் மயக்கத்தில் ஸ்கோபி காணும் கனவில் அவ்விரு பெயர்களும் குழம்புகின்றன. கிரீன் இவ்வொலி ஒப்புமையைத் தற்செயலாக அமைத்திருக்க முடியாது. இறந்த இளைஞனுக்கு வழங்கிய இரக்கத்தை ஸ்கோபி தனக்கு வழங்க மறுக்கிறான் என்பதே அதன் பொருள். பிறருக்குக் கருணையும் தனக்குச் சட்டமும் என அவன் இரு அளவுகோல்களைக் கையாள்கிறான். பணிவு போல் தோன்றினும் இது பணிவன்று. தன்னை மட்டும் இறையிரக்கத்தின் விதிவிலக்காகக் கருதும் மனநிலை அது. தற்பெருமையின் ஒரு வடிவமாக மாறிய இரக்கத்தைக் காட்டவே ஸ்கோபியைப் படைத்ததாகக் கிரீனும் பிற்காலத்தில் விளக்கியுள்ளார்.

இறப்பதற்குமுன் ஆலயத்தில் ஸ்கோபி இறைவனுடன் பேசும் பகுதி இதனை மேலும் தெளிவாக்குகிறது. அங்கு ஒலிக்கும் குரல் நரகத்தைக் காட்டி அச்சுறுத்தவில்லை, வாழும்படி மன்றாடுகிறது. உயிரோடிருக்கும்வரை நம்பிக்கை உண்டு என்கிறது. தன்னால் அக்குரலை நம்ப இயலவில்லை என்பதே ஸ்கோபியின் மறுமொழி. யூதாஸ், பேதுரு ஆகியோரிடையே நாம் கண்ட வேறுபாடு இங்கு மீண்டும் தோன்றுகிறது. ஸ்கோபியிடம் மனஸ்தாபம் நிறைய உண்டு, நம்பிக்கைதான் இல்லை.

திறனாய்வாளரின் மறுப்பும் நாவலின் குறையும்

நாவல் வெளிவந்த ஆண்டிலேயே ஜார்ஜ் ஆர்வெல் கடுமையாக எதிர்வினை ஆற்றினார். நரகத்தை உண்மையில் நம்பும் ஒருவன் பிறர் மனம் நோகாதிருக்க அங்குச் செல்லத் துணியமாட்டான் என்பதும், கத்தோலிக்கரின் பாவத்துக்குத் தனிச்சிறப்பு இருப்பதுபோல் கிரீன் காட்டுகிறார் என்பதும் அவர் வாதம். கத்தோலிக்கராகிய ஈவ்லின் வாவும், இறையன்பின் பொருட்டுத் தன் அழிவையே ஒருவன் விரும்புவதாகக் கூறுவது இறைநிந்தனையாகவும் அமையலாம் என ஐயுற்றார். இம்மறுப்புகளை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. துயரத்தை இறையியல் வீரமாக உயர்த்திக் காட்டும் போக்கு நாவலில் உண்டு. தற்கொலைக்கு ஆளாவோருள் பெரும்பாலோர் ஸ்கோபியைப் போல் வாதங்களை அடுக்குவதில்லை. பெம்பர்ட்டனைப் போல் கடனாலும் தனிமையாலும் சோர்வாலும் சூழப்பட்டவர்கள். அவனுக்கு நாவல் சில பக்கங்களையே ஒதுக்குகிறது.

மற்றொரு குறையும் உண்டு. பதினைந்து ஆண்டுகள் ஸ்கோபிக்குப் பணிசெய்த அலி என்னும் ஆப்பிரிக்கர், ஸ்கோபியின் ஐயத்தின் விளைவாகவே கொல்லப்படுகிறார். மன்னிப்பு என்பது இறைவனிடம் மட்டும் கேட்கப்படுவதாயின், அலியிடம் யார் கேட்பது? ஸ்கோபி அவருடைய உடலருகே கலங்கி நிற்கிறான் என்பது உண்மை. ஆயினும் நாவலின் இறுதி உரையாடலில் அலியின் பெயர் எழவே இல்லை. குடியேற்ற ஆட்சியின் வரலாற்றைச் சுமக்கும் நம் போன்ற நாட்டு வாசகர் இம்மௌனத்தைக் கவனிக்காதிருக்க இயலாது.

இறுதி உரையாடலும் பின்வந்த மாற்றங்களும்

நாட்குறிப்பின் மை வேறுபாட்டால் உண்மையை அறிந்த லூயிஸ், ராங்க் பாதிரியாரிடம் கணவனின் கதியைப் பற்றிப் பேசுகிறாள். அவளிடம் வருத்தத்தைவிடக் கசப்பே மேலோங்கி நிற்கிறது. தீர்ப்பை அவளே எழுதி முடித்துவிட்டாள். பாதிரியார் சினத்துடன் அவளை மறிக்கிறார். இறையிரக்கத்தைப் பற்றி அவளோ தாமோ எதையும் அறிந்ததாக எண்ணவேண்டாம் என்கிறார். திருச்சபை விதிகளை அறியும். ஒரு மனித உள்ளத்தில் நிகழ்வதை அறியாது என்பது அவர் கூற்றின் சாரம். ஸ்கோபி மீட்படைந்தான் என்று அவர் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. தீர்ப்பை மனிதரின் கையிலிருந்து எடுத்து அதற்குரியவரிடம் வைக்கிறார், அவ்வளவே. 1953இல் வெளிவந்த திரைப்படம் ஸ்கோபி வேறொருவரால் கொல்லப்படுவதாக முடிவை மாற்றியது. அதனால் வினாவே இல்லாமற்போயிற்று.

கிரீன் எழுதிய காலத்தில் நடப்பிலிருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், மனமறிந்து தன்னுயிர் போக்கியோர் இறக்குமுன் வருந்தியதற்கான அடையாளம் காட்டியிருந்தாலன்றித் திருச்சபை அடக்கத்தை அவர்களுக்கு மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விலக்கு இடம்பெறவில்லை. 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் தற்கொலையைப் பெரும் தவறாகவே கருதுகிறது. எனினும் கடும் உளப்பாதிப்பும் அச்சமும் வேதனையும் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும், இறைவன் தாம் மட்டுமே அறிந்த வழியில் மனமாற்றத்துக்கு வாய்ப்பளிக்கக்கூடும் என்றும் கற்பிக்கிறது. காலம் எஞ்சவில்லை என்ற பழைய அச்சத்துக்கு இதுவே விடையாகும். ராங்க் பாதிரியார் சினந்து சொன்னதைத் திருச்சபை நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப்பின் அமைதியாகச் சொன்னது எனலாம்.

அரசுகளின் சட்டமும் இத்திசையில் நகர்ந்துள்ளது. ஸ்கோபி காத்துநின்ற இங்கிலாந்துச் சட்டத்தில் 1961வரை தற்கொலை குற்றமாகவே இருந்தது. அதே ஆட்சி விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியை இங்கும் குற்றமாக்கியிருந்தது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் மலேசியாவில் 2023இலும் அது நடப்பிலிருந்து நீங்கியது.

முடிவுரை

தற்கொலை தவறு என்னும் கொள்கை உயிரோடிருப்பவரை நோக்கிப் பேசும்போது காவலாகிறது. இறந்தவரை நோக்கிப் பேசும்போது கொடுமையாகிறது. அகுஸ்தீன் உரோமைப் பெண்களிடம் பேசியதும், ஆலயத்தில் ஸ்கோபியிடம் ஒலித்த குரல் பேசியதும் முதல் வகை. கணவன் இறந்தபின் லூயிஸ் பேசுவது இரண்டாம் வகை. கிரீனின் நாவல் தன் குறைகளோடும் இவ்விரு மொழிகளையும் பிரித்தறிய நமக்குக் கற்பிக்கிறது.

வகுப்பறையில் அவ்வினா எழும்போது, இறந்தவரின் கதியைப் பற்றி நாம் அறியமாட்டோம் என்று சொல்வது நேர்மையான விடை. ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. கேட்ட மாணவர் யாரை எண்ணிக் கேட்டார் என்பதை அறிந்துகொள்வது நம் கடமை. பாடம் முடிந்தபின் அவரை அருகழைத்து உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேட்டு, தேவையெனில் தக்க உதவியிடம் கொண்டுசேர்க்க வேண்டும். உயிரோடிருக்கும்வரை நம்பிக்கை உண்டு என்று ஆலயத்தில் ஒலித்த குரலை ஸ்கோபிக்கு எடுத்துச் சொல்ல அருகே ஒரு மனிதரும் இருக்கவில்லை. நம் மாணவருக்கு நாம் இருக்கிறோம்.