மூன்றாம் தரம் இல்லாத ஏலம்

நம் ஊர் ஏலத்தில் கேள்வி எப்போது முடியும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு தரம், இரண்டு தரம் என்று எண்ணி மூன்றாம் தரத்துக்கு வாய் திறக்கும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் கூட்டிக் கேட்டால், எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த ஏலத்தை முடிப்பது ஆசை தீர்ந்துபோவதுதான், கடிகாரம் அல்ல. 1995-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஈபே இதைத் தலைகீழாக்கியது. அங்கே முடியும் நாளும் மணியும் நொடியும் முதலிலேயே அறிவிக்கப்படுகின்றன. அந்த நொடி வந்ததும் கதவு சாத்தப்படும். இந்த ஒரு விதி மாற்றத்திலிருந்து பிறந்த பழக்கம்தான், கடைசி ஐந்து பத்து நொடி வரை மௌனமாக இருந்துவிட்டு ஒரே வீச்சில் கேட்பது. சேகரிப்பாளர்கள் இதை ஸ்னைப்பிங் என்கிறார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டி லேபிள்களும் பழைய பட்டாசு உறைகளும் இன்று இத்தகைய ஏலங்களில் கைமாறுகின்றன. இந்தப் பழக்கம் நியாயமானது, பயனுள்ளதும்கூட. ஆனால் சேகரிப்பாளர்கள் நம்புகிற அளவுக்கு அது காப்பாற்றுவதில்லை. போட்டியாளர்களின் கண்ணிலிருந்து அது நம்மை மறைக்கும். நம் சொந்தத் தப்புக்கணக்கிலிருந்து மீட்காது.

ஏன் பயனுள்ளது என்பதை லேபிளை வைத்தே பார்க்கலாம். அய்யநாடாரும் சண்முகநாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த பிறகு சிவகாசியில் தொழிற்சாலைகள் எழுந்தன. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால் அச்சுத்தொழிலும் அங்கே வேர்விட்டது. சாமி, மிருகம், பூ, தலைவர்கள், நடிகர்கள் என்று ஆயிரக்கணக்கான படங்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் ஆண்டு அச்சிடப்பட்டிருக்காது. ஆண்டை எழுத்துகளிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும். விலை நயா பைசாவில் இருந்தால் அது 1957-க்குப் பிந்தியது. மெட்ராஸ் மாநிலம் என்றிருந்தால், பெயர் மாறிய 1969-க்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால், விருதுநகர் தனி மாவட்டமான 1985-க்கு முந்தியதாகலாம். பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு முன் அச்சாகியிருக்கவே முடியாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பின்கோடு இருப்பது உறுதியான சான்று, இல்லாதது சான்றே அல்ல. பல அச்சகங்கள் பழைய பிளாக்கையே தொடர்ந்து ஓட்டியிருக்கலாம். மாவட்டப் பெயர் மாறிய மறுநாளே லேபிள் மாறிவிடாது. இதை அறிந்தவர் மங்கலான ஒரு புகைப்படத்தைப் பார்த்து முன்கூட்டியே கேட்டால், அவருடைய கேள்வியே மற்றவர்களுக்கு வழிகாட்டியாகிவிடும். இன்னார் கேட்கிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நாலு பேர் பின்னால் வருவார்கள். உழைத்துச் சேர்த்த அறிவை இலவசமாகக் கொடுத்து, அதற்குரிய விலையையும் தானே கூட்டிக் கட்டுகிற நிலை அது. ஆல்வின் ராத்தும் ஆக்செல் ஓக்கன்ஃபெல்சும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது: ஈபேயில் கணினிகளைவிடப் பழம்பொருள் ஏலங்களில்தான் கடைசி நேரக் கேள்விகள் அதிகம். கணினியின் விலை எல்லோருக்கும் தெரியும். பழம்பொருளின் விலை தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு கணக்கு வழியில் வருகிறது. ஈபேயில் ஒருவர் தன் உச்ச விலையை எழுதி வைத்தால், இயந்திரம் அவருக்காகத் தேவையான அளவு மட்டும் கூட்டிக் கேட்கும். வென்றவர் கட்டுவது தன் உச்ச விலையை அல்ல, இரண்டாம் ஆளின் விலையைவிடச் சற்றே கூடுதலை. இந்த இரண்டாம் விலை ஏலத்தின் தர்க்கத்தை 1961-இல் விளக்கியவர் வில்லியம் விக்ரி. 1996-இல் நோபல் பரிசு பெற்றவர். அவருக்கு வெகுகாலம் முன்பே, 1893-இல், அமெரிக்கத் தபால்தலை வணிகர்கள் அஞ்சல் ஏலத்தில் இதே விதியைக் கையாண்டிருக்கிறார்கள் என்பது சேகரிப்பாளர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தி. உண்மையான உச்ச விலையை எழுதிவிட்டால் முதல் நாளே எழுதினால் என்ன, கடைசி நொடியில் எழுதினால் என்ன என்பது மறுப்பாளர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் எல்லோரும் தங்கள் மனவிலையை ஒரே முறை எழுதிவிட்டு எழுந்து போவார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நடப்பு அப்படியில்லை. உங்களை ஒருவர் முந்திவிட்டார் என்ற அறிவிப்பு வந்ததும், நேற்று எண்ணூறு போதும் என்றவர் இன்று தொள்ளாயிரம் என்கிறார். கடைசி நொடிக் கேள்வி அந்த இரண்டாம் யோசனைக்கு நேரம் தருவதில்லை. எலி, ஹொசைன் என்ற இரு பொருளியலாளர்கள் டிவிடி ஏலங்களில் தாங்களே கேட்டுச் சோதித்து 2009-இல் எழுதியபடி, அதனால் கிடைக்கும் ஆதாயம் உண்மையானது, ஆனால் சிறியது. டிவிடி எங்கும் ஒரே விலைக்குக் கிடைக்கும் பண்டம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மறைக்க அறிவு இருக்கும் இடத்தில் ஆதாயம் அதைவிடக் கூடும் என்பது என் ஊகம்.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது: ஒளிந்திருந்து பறிப்பது முறையா? மாட்டுச் சந்தையில் தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதை யாரும் களவு என்று சொன்னதில்லை. சுற்றி நிற்பவர்கள் விலையை அறிந்து குறுக்கே வராமலிருக்கத்தான் அந்தத் துண்டு. கடைசி நொடி அதே துண்டின் வேலையைச் செய்கிறது. விற்பவருக்கு நஷ்டம் என்றால், அவர் வேறு விதியுள்ள இடத்துக்குப் போகலாம். அமேசான் முன்பு நடத்திய ஏலங்களில் கடைசிக் கேள்விக்குப் பின் பத்து நிமிடம் அமைதியாகக் கழிந்தால்தான் ஏலம் முடியும். அது நம் மூன்று தரத்தின் இயந்திர வடிவம். அங்கே கடைசி நேரக் கேள்விகள் ஈபேயைவிட மிகக் குறைவு என்பதையும் அதே 2002 ஆய்வு காட்டியது. ஆகவே இந்தப் பழக்கத்தை விதைப்பது ஆட்களின் குணம் அல்ல, விதி. தவிர, விற்பவரே உள்ளாளை வைத்து விலையை ஏற்றிவிடும் மோசடிக்கும் இது நல்ல தடுப்பு. ஏற்றிவிட எதிராளி கண்ணில் பட வேண்டுமே.

குறைகளுக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் கோடைக்காலத்து ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முடியும் ஏலம் நமக்குத் திங்கள் காலை ஆறரை. இணைய இணைப்பு ஒரு நொடி தடுமாறினால் கேள்வி போய்ச் சேராது. இவை சின்னத் தொல்லைகள். தானாகக் கேட்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது.

தீப்பெட்டி லேபிளின் அருமை கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பண்டலுக்கு அறுநூறு பெட்டி என்ற கணக்கில் ஓடும் தொழில் இது. லேபிள் தாள் தாளாக அச்சாகி வெட்டப்படுகிறது. ஒரு பிராண்டு நின்றுபோனால், ஒட்டப்படாத லேபிள் கட்டுகள் அச்சகத்திலோ கம்பெனி கிட்டங்கியிலோ தங்கிவிடலாம். அப்படி ஒரு கட்டு வெளியே வந்த நாளில், அதுவரை அபூர்வம் என்று பேர் வாங்கிய படம் அபூர்வமாக இருக்காது. அதன் மதிப்பு அவரவர் ரசனையோடு நிற்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான, யாருக்கும் தெரியாத ஓர் எண்ணிக்கையில் தொங்குகிறது. இத்தகைய பொருளில், ஏலம் கேட்பவர்களிலேயே அதிகமாக மதிப்பிட்டவர்தான் வெல்கிறார். அதாவது, அதிகமாகத் தவறியவர் வெல்லும் வாய்ப்பே மிகுதி. 1971-இல் அமெரிக்க எண்ணெய் வயல் குத்தகை ஏலங்களை ஆராய்ந்த பொறியாளர்கள் கண்டு சொன்ன வென்றவனின் சாபம் இதுதான். கடைசி நொடிப் பழக்கம் இந்தச் சாபத்தை இன்னும் கூட்டுகிறது. என் அறிவை மற்றவர்களிடமிருந்து மறைக்கும் அதே மௌனம், மற்றவர்களின் ஐயத்தை என்னிடமிருந்தும் மறைக்கிறது. வெளிப்படையான ஏலத்தில் விவரம் தெரிந்தவர் நூறு ரூபாயில் நின்றுவிட்டதைப் பார்த்தால் அடுத்தவருக்கு ஒரு தயக்கம் வரும். எல்லோரும் துண்டுக்கு அடியில் கைவைத்திருக்கும்போது அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

அதனால் எப்போது கேட்பது என்பதற்குச் செலவிடும் யோசனையில் பெரும்பகுதியை, எவ்வளவு கேட்பது என்பதற்குத் திருப்ப வேண்டும். முடிந்த ஏலங்களின் விலைப் பட்டியலைப் பார்த்து உச்ச விலையை முடிவுசெய்வது வழக்கம். அந்தப் பட்டியல் எளிதில் ஏமாற்றும். ஒரு பட்டாசு உறைக்கு மூன்று பேர் முறையே 900, 850, 300 ரூபாய் வரை போகத் தயார் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிரதி 850-ஐ ஒட்டி விற்கும். வென்றவர் விலகிவிடுவார். அடுத்த மாதம் இரண்டாம் பிரதி வந்தால் அது 300-ஐ ஒட்டி விற்கும். உறையின் மதிப்பு ஒரு மாதத்தில் விழவில்லை. ஆர்வமுள்ளவர்களில் ஒருவர் குறைந்தார், அவ்வளவுதான். லேபிள் சேகரிப்பவர்கள் நாணயம் சேகரிப்பவர்களைப்போல் பெருங்கூட்டம் அல்லர் என்பதால் இந்தச் சரிவு இங்கே செங்குத்தாக இருக்கும். முதல் பிரதியை விட்டுக்கொடுத்துக் காத்திருப்பதுதான் பெரும்பாலும் நல்ல உத்தி. காத்திருந்து வராமலே போனால் என்ன செய்வது என்று கேட்கலாம். ஒரே ஒரு பிரதிதான் இருக்கும் என்று நம்பக் காரணமுள்ளவற்றுக்கு, உதாரணமாக அச்சகம் மாதிரிக்கு ஒட்டிவைத்த பழைய லேபிள் புத்தகத்துக்கு, இந்தக் கேள்வி சரி. அங்கே உச்ச விலையைத் தாராளமாக வைத்துக் கடைசி நொடியில் கேட்கலாம். ஆயிரக்கணக்கில் அச்சான ஒற்றை லேபிளுக்கு அந்தக் கவலை பொருந்தாது.

2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பர் முதல் தேதியிலிருந்து இரண்டு ரூபாயானது. ஒரு ரூபாய் விலையச்சுள்ள பெட்டிகளை இப்போதே பத்திரப்படுத்துகிறவர்கள் இருப்பார்கள். அவை எந்த ஆண்டுக்குள் வந்தவை என்பது ஊரறிந்தது. எவ்வளவு கிடக்கின்றன என்பதும் ஏறக்குறையத் தெரிந்ததே. மறைக்கத் தனி அறிவு எவரிடமும் இல்லாத அந்தப் பெட்டிக்காக விடியற்காலையில் எழுந்து நொடி எண்ண வேண்டியதில்லை. சாத்தூர்ப் பக்கத்துப் பெட்டிக்கடை ஒன்றில் விற்காமல் கிடக்கிறதா என்று கேட்டுப் பார்த்தாலே போதும்.