இலக்கம் யாரை விரட்டுகிறது?

ரொறொன்ரோவில் ஏரிநீர் கண்காணிக்கப்படுவதில்லை என்று எவரும் குற்றஞ்சாட்ட முடியாது. கோடையில் மாநகரசபை தன் பட்டியலிலுள்ள கரைகளில் நாள்தோறும் நீரெடுத்துச் சோதிக்கிறது. நூறு மில்லிலீற்றரில் ஈ.கோலை பக்ரீரியா 100ஐத் தாண்டினால் நீந்தவேண்டாம் என்ற அறிவித்தல் வரும். 2018இல் ஒன்ராறியோ மாகாணம் இந்த எல்லையை 200ஆகத் தளர்த்தியபோதும் நகரம் 100இலேயே நின்றது. பாராட்டத்தக்கதுதான். ஆனால் அந்த இலக்கம் யாருக்குக் கட்டளையிடுகிறது என்று பார்த்தால் விடயம் வேறாகிறது.

பக்ரீரியாவை வளர்த்து எண்ண ஏறத்தாழ ஒருநாள் செல்லும். ஆகவே பெரும்பாலும் நாம் இன்று வாசிப்பது நேற்றைய நீரை. இடையில் ஒரு மழை பெய்துவிட்டால் கணக்கே மாறிவிடும். நகரின் பழைய பகுதிகளில் மழைநீரும் மலநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. குழாய் கொள்ளாதபோது மிகுதி ஆறுகளுக்கும் ஏரிக்கும் போகிறது. ஹம்பர் ஆற்று வாயிலுக்கு அருகிலுள்ள சன்னிசைட்டும், எற்றோபிகோ ஓடை விழுமிடத்து மேரி கேர்ட்டிஸ் பூங்காவும் அடிக்கடி எல்லை தாண்டுவது இதனோடு சேர்த்து விளங்கப்படவேண்டியது. மேலே எங்கோ வயலாயிருந்து வாகனத் தரிப்பிடமாகிவிட்ட நிலத்தின் கழுவுநீரும் அங்குதான் வந்துசேர்கிறது.

இலக்கம் கூடினால் குளிக்க வந்தவன் துவாயைச் சுருட்டிக்கொண்டு போகவேண்டும். அவனைத் தவிர வேறு எவரும் எதையும் நிறுத்தவேண்டியதில்லை. மேலே நிலத்தைத் தாரிட்டு மூடியவருக்கும், கரையில் கட்டடம் எழுப்புபவருக்கும் அந்த அறிவித்தல் ஒரு கேள்வியாகக்கூடப் போய்ச்சேர்வதில்லை.

இவற்றைப் பிரித்துப் பார்க்கக்கூடாது என்று முன்பே சொல்லப்பட்டுவிட்டது. டேவிட் குறொம்பி தலைமையில் 1988இல் அமைந்த நீர்முக ஆணைக்குழு, 1992இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் கரையையும் ஆறுகளையும் மேல்நிலத்தையும் ஒரே உயிர்ச்சூழலாகக் காணவேண்டுமென வற்புறுத்தியது. அந்த வழியில் நடந்தவையும் உண்டு. கழிவு வழிவதைத் தடுக்க 2018இல் தொடங்கிய சுரங்கக்குழாய்த் திட்டம் சுமார் 22 கிலோமீற்றர் நீளமானது. அதைச் சிறுமைப்படுத்த முடியாது.

ஆனால் அதே கரையில், 2023 டிசம்பரில் நிறைவேறிய ஒரு மாகாணச் சட்டம், ஒன்ராறியோ பிளேஸ் மீளமைப்புக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீட்டுச் சட்டத்திலிருந்தும் மரபுரிமைச் சட்டத்திலிருந்தும் விலக்களித்தது. மேற்குத் தீவு தேர்ம் என்னும் நிறுவனத்தின் குளியல் மாளிகைக்காக 95 ஆண்டுக் குத்தகைக்குப் போயிற்று. 2024 ஒக்டோபரில் எண்ணூறுக்கு மேற்பட்ட மரங்கள் வெட்டப்பட்டன. காசில்லாமல் ஏரியில் இறங்கி மக்கள் நீந்திய கூழாங்கற்கரை அங்குதான் இருந்தது. மாநகரசபையின் சோதனைப் பட்டியலில் அது இல்லை. பட்டியலில் இல்லாத கரையில் எதை இழந்தோமென்று காட்ட இலக்கமும் இராது!

எமக்கு இது புதிதல்ல. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது என்ற விவகாரத்தில் நடந்ததும் அளவீட்டுச் சண்டையே. தேசிய நீர்வழங்கல் சபையின் சோதனைகள் எண்ணெயைக் காட்டின. வடமாகாணசபை நியமித்த நிபுணர்குழு பயப்படத் தேவையில்லை என்ற தொனியில் பேசியது. ஈற்றில், 2019 ஏப்ரலில், நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்தவேண்டுமென உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொகை அற்பம்தான். எனினும் அங்கே இலக்கம் கிணற்றுக்காரனை விரட்டுவதோடு நிற்காமல், மாசுபடுத்தியவனின் வாசலுக்கும் போயிற்று.

சுன்னாகத்துக்காக இந்நகரில் குரலெழுப்பிய நம்மவர்கள் ஒன்ராறியோ ஏரியைப் பற்றி எழுதுவது அரிது. இங்கு ஏரி நமக்குப் புளூஃபர்ஸ் பூங்காவில் இறைச்சி வாட்டும் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே. அந்நீரைத்தான் குழாயிலும் குடிக்கிறோம் என்பது மறந்துபோகிறது. கேட்கவேண்டியது சிக்கலானதல்ல. கழிவு வழியும் ஒவ்வொரு வாயிலிலும், கட்டுமானம் நடக்கும் ஒவ்வொரு கரையிலும், வேலைக்கு முன்னரும் பின்னரும் நீர் சோதிக்கப்பட்டு முடிவு வெளியிடப்படவேண்டும். அளவு கெட்டால் வேலை நிற்கவேண்டும். மேற்குத் தீவில் "முன்னர்" என்பது போய்விட்டது. மாளிகை திறக்கப்படுமுன் எடுக்கக்கூடிய நீர் இன்னும் இருக்கிறது.