சிறைப்பட்டவளின் இரக்கம்: ‘சைக்கோ’ திரைப்படமும் மன்னிப்பைப் பற்றிய நம் போதனையும்

கொலைகாரனுக்கும் அவனிடம் அகப்பட்ட பெண்ணுக்கும் இடையே உண்டாகும் மனப்பிணைப்பு திகிற்கதைகளுக்கு நெடுநாளாகவே உயிர்நாடியாக இருந்து வருகிறது. துரத்துவதும் தப்புவதும் மட்டுமே கதையாயின் பார்ப்போர் விரைவில் சலித்துவிடுவர். ஓங்கிய கை ஏன் தாழ்ந்தது, ஓங்கியவன்மீது அவளுக்கு ஏன் இரக்கம் பிறந்தது என்னும் வினாக்களே அவர்களைப் பிடித்து நிறுத்துகின்றன. இத்தகைய படங்களில் இறையியல் மாணவருக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. மிஷ்கின் இயக்கி 2020 ஜனவரி 24 அன்று வெளிவந்த ‘சைக்கோ’ மன்னிப்பில் முடிகிற படம். மன்னிப்பைப் பற்றி ஞாயிறுதோறும் பேசுகிற நாம் அதைக் கண்டும் காணாததுபோல் இருக்கலாகாது.

சூலக்கரையில் வாலிபர் கூட்டம் ஒன்றில் இப்படத்தைக் குறித்து உரையாட நேர்ந்தது. இளைஞர் பலர் கதாநாயகியின் இரக்கத்தைக் கிறிஸ்துவின் அன்புக்கு ஒப்பிட்டுப் பேசினர். பட்டாசு ஆலையொன்றில் கணக்கெழுதும் இளம்பெண் ஒருத்தி மட்டும், “கட்டிப்போட்ட இடத்துல அவ வேற என்ன செய்வா, ஐயா?” என்று கேட்டாள். அன்று நான் தக்க விடை கூறவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடும் முயற்சி.

1. கதையும் அதன் முன்னோரும்

கதை கோயம்புத்தூரில் நிகழ்கிறது. பெண்களைக் கடத்திச் சென்று தலையைத் துண்டித்துக் கொல்லும் ஒருவனிடம் வானொலி அறிவிப்பாளரான தாகினி அகப்படுகிறாள். கண்பார்வையற்ற இசைக்கலைஞன் கௌதம் அவள்மீது காதல் கொண்டவன். மரணம் கண்முன் நிற்கையில், கௌதம் தன்னைத் தேடி வருவான் என்று அவள் உறுதியாகச் சொல்கிறாள். அவ்வுறுதி கொலைகாரனின் கையை நிறுத்துகிறது. அவன் காத்திருக்கிறான், அவளும் காத்திருக்கிறாள். இந்தக் காத்திருப்பிலேதான் இருவருக்குமிடையே பிணைப்பு உருவாகிறது. அவனுடைய சிறுபிராயத்துக் கொடுமைகள் வெளிப்படுகின்றன. மீட்கப்பட்டபின் செய்தியாளர் முன்னிலையில் அவள் அவனைக் குழந்தை என்றே குறிப்பிடுகிறாள். அவனோ தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான்.

தமிழ்த்திரைக்கு இது புதிதன்று. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978) படத்தில் கொலைகாரன் திலீப்பின் மனைவியாகவே வந்து சேர்கிறாள் சாரதா. மனம் பேதலித்துச் சிறையில் கிடக்கையில் அவன் நினைவில் எஞ்சுவது அவள் பெயரே. பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ (1980) படத்தில் சந்துரு, வேறொருவனுக்கு நிச்சயிக்கப்பட்ட ரேகாவைக் கடத்தி, தனித்த வீடொன்றில் அடைத்து, கிதாரை மீட்டிப் பாடுகிறான். சந்தானபாரதியின் ‘குணா’ (1991) கதைத்தலைவன் கொலைவெறியன் அல்லன். எனினும் கடத்தப்பட்டவள் கடத்தியவனையே நேசிக்கும் நிலைக்கு வருகிறாள். ‘சைக்கோ’ உட்பட இந்நான்கு படங்களுக்கும் இசையமைத்தவர் இளையராஜா. இது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் இசையின் வழியாகவே நாம் அடைபட்டவளை மறந்து அடைத்தவனின் தனிமையில் பங்கு கொள்கிறோம் என்பதை ‘மூடுபனி’யின் அந்தப் பாடலை நினைவுகூரும் எவரும் ஒப்புக்கொள்வர்.

நான்கிலும் ஒரே முறை காணப்படுகிறது. ஆணின் பழைய காயம் விரிவாகச் சொல்லப்படுகிறது. அவனுடைய தாயின் துயரமோ வேறொரு பெண்ணின் கொடுமையோ அக்காயத்துக்குப் பின்னணியாகக் காட்டப்படுகிறது. அதை ஆற்றும் பொறுப்பு, அவனால் அடைக்கப்பட்ட பெண்ணின் தலையில் விழுகிறது.

2. பிணைப்பு என்பது யாது?

1973 ஆகஸ்டு 23 அன்று சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு வங்கியைக் கொள்ளையிட வந்தவன், ஊழியர் நால்வரை ஆறு நாட்கள் பிணையாகப் பிடித்து வைத்திருந்தான். அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க், பிரதமர் உலோஃப் பால்மேயுடன் தொலைபேசியில் பேசி, கொள்ளையருடன் தங்களை வெளியே போகவிடுமாறு கேட்டார். மனநல மருத்துவர் நீல்ஸ் பெயரோட் அதற்கு அளித்த விளக்கத்திலிருந்தே ‘ஸ்டாக்ஹோம் நோய்க்குறி’ என்னும் பெயர் உலகெங்கும் பரவிற்று. என்மார்க் அப்பெயரை ஏற்கவில்லை. காவல்துறை துப்பாக்கியுடன் நுழைந்தால் தாங்கள் சாவோம் என்று அஞ்சியதாகவும், உயிர் பிழைக்க வேண்டியதையே செய்ததாகவும் பிற்காலத்தில் அவர் விளக்கினார்.

இதற்கு முன்னரே, 1932இல், அங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் ஷாண்டோர் ஃபெரென்சி, வன்முறைக்குள்ளான குழந்தை தன்னை வதைப்பவனின் மனத்தைத் தன் மனமாகவே ஆக்கிக்கொள்வதை எடுத்துரைத்தார். தப்ப வழியில்லாதபோது, வதைப்பவனின் முகக்குறிப்பைக் கணந்தோறும் படிப்பதே பாதுகாப்பாகிறது. 1981இல் டட்டன், பெயின்டர் என்னும் இருவர் அடிபடும் மனைவியரைக் குறித்து எழுதுகையில் இப்பிணைப்புக்கு இரண்டு காரணங்களைச் சுட்டினர்: ஒருவரிடம் மட்டும் அதிகாரம் குவிந்திருத்தல்; அடியும் அன்பும் மாறி மாறி வருதல். அடி ஓய்ந்த நேரத்தில் கிடைக்கும் சிறு கனிவு, பசித்தவனுக்குக் கிடைத்த கஞ்சியைப் போல, அளவுக்கு மீறிய இன்பமாகத் தோன்றுகிறது.

ஆகவே நாம் இரண்டு தவறுகளை விலக்க வேண்டும். அகப்பட்ட பெண்ணின் கனிவைக் காதலென்றோ தெய்வீகமென்றோ போற்றுவது ஒன்று. அதை நோயென்று தள்ளுவது மற்றொன்று. உயிரைக் காத்துக்கொள்ள அவள் அறிவு செய்யும் கடும் உழைப்பு அது. சூலக்கரைப் பெண்ணின் கேள்வியிலும் இதுவே அடங்கியிருந்தது.

3. அங்குலிமாலனை யார் நிறுத்தினார்?

படத்தின் கொலைகாரன் பெயர் அங்குலி. பாலி மொழியில் மஜ்ஜிம நிகாயத்தில் வரும் அங்குலிமாலன் கதையை அப்பெயர் நினைவூட்டுகிறது. கௌதம் என்னும் பெயர் காதலனுக்கு அளிக்கப்பட்டுள்ளது. புத்தரின் கருணைப் பணியோ தாகினிக்குத் தரப்பட்டுள்ளது. இயக்குநரின் நோக்கம் உயர்ந்ததே. தண்டனையால் திருந்தாதவனைக் கருணை திருத்தும் என்பதை அவர் காட்ட விரும்புகிறார். ஆனால் மூலக்கதையின் இரண்டு கூறுகள் படத்தில் விடுபட்டுவிட்டன.

முதலாவது, புத்தர் அங்குலிமாலனின் கையில் அகப்பட்டவர் அல்லர். அவர் இயல்பாக நடந்து செல்கிறார். அவன் தன் முழுவலிமையோடு ஓடியும் அவரை எட்ட முடியவில்லை. நிற்குமாறு அவன் கூவ, தாம் நின்றுவிட்டதாகவும் அவனே இன்னும் நிற்கவில்லையென்றும் அவர் கூறுகிறார். பிடிக்க முடியாத ஒருவரிடமிருந்து வந்த சொல்லே அவனை மாற்றிற்று. இரண்டாவது, மனம் மாறியபின் அவன் பிச்சைக்குச் சென்றபோது மக்கள் எறிந்த கல்லும் தடியும் அவனைக் காயப்படுத்தின. பாத்திரம் உடைந்தது, ஆடை கிழிந்தது. அதைத் தாங்கிக்கொள்ளும்படியே புத்தர் அவனுக்குச் சொன்னார். மாற்றம் பெற்றவன் தான் அழித்த ஊரின் முன்னே நடமாட வேண்டியிருந்தது. படத்தின் அங்குலியோ இறந்துபோகிறான். தலையிழந்த பெண்களின் வீட்டார் முன் அவன் ஒருநாளும் நிற்கவில்லை. படம் முடிந்தபின் அப்பெண்களுள் எவருடைய பெயர் நம் நினைவில் நிற்கிறது?

இயக்குநரின் சார்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாகினி அவனைக் குழந்தையென்று கூறுவது விடுதலை பெற்றபின்னரே. அச்சொல்லை அச்சத்தின் சொல் என்று முற்றிலும் தள்ளிவிட முடியாது. ஆனால் கதவு திறந்தவுடனே சிறை நெஞ்சைவிட்டு நீங்கிவிடுவதில்லை. அழவும் கோபங்கொள்ளவும் அவளுக்கு நாட்கள் தேவை. படம் அவற்றைத் தரவில்லை. மேலும், தனக்கு இழைக்கப்பட்டதை அவள் மன்னிக்கலாம்; இறந்தவர்களின் சார்பில் மன்னிக்கும் உரிமை அவளுக்கு இல்லை. அவளது ஒரு சொல்லை எல்லாக் கொலைகளுக்குமான தீர்ப்பாகப் படம் ஆக்கிவிடுகிறது.

4. பிலிப்பியின் சிறைச்சாலை

திருமறையில் இதற்கு இணையான நிகழ்ச்சி அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் உள்ளது. அங்கும் அடைப்பவன் உண்டு, அடைபட்டவர் உண்டு, தற்கொலைக்கு உருவிய வாளும் உண்டு. நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் பூமி அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன, கட்டுகள் கழலுகின்றன. அதன்பின்னரே பவுல் சிறைக்காவலனைத் தடுத்து அவன் உயிரைக் காக்கிறார். கட்டுண்ட கையின் மன்றாட்டாக இராமல், கட்டவிழ்ந்தவரின் ஈவாக அந்த இரக்கம் வருகிறது. காவலனும் உணர்ச்சிப்பெருக்கோடு நின்றுவிடவில்லை. அவ்விரவிலேயே தண்ணீர் கொண்டுவந்து அவர்களுடைய காயங்களைக் கழுவுகிறான், உணவளிக்கிறான். மறுநாள் அதிகாரிகள் இரகசியமாக அனுப்பிவிட நினைத்தபோது பவுல் உடன்படவில்லை. விசாரணையின்றி வெளியரங்கமாய் அடித்தவர்கள் தாங்களே வந்து அழைத்துப்போகட்டும் என்கிறார். காவலனிடம் காட்டிய இரக்கம், அதிகாரிகளிடம் நியாயம் கேட்பதற்குத் தடையாயிருக்கவில்லை.

யோசேப்பும் அவ்வாறே. குழியிலிருந்து கெஞ்சிய காலத்தில் அவர் சகோதரரை மன்னித்ததாக வேதம் சொல்லவில்லை. எகிப்தின் அதிகாரியான பின்னும் அவர்களைச் சோதித்தறிகிறார். பென்யமீனுக்காக யூதா தன்னையே அடிமையாக ஒப்புக்கொடுத்தபோதுதான் அவர் அழுது தம்மை வெளிப்படுத்துகிறார்.

5. சிலுவையைக் குறித்த மறுப்பு

ஆயினும் மாணவர்கள் ஒரு வலிய மறுப்பை எழுப்புவர். நம் ஆண்டவர் ஆணிகளால் அறையப்பட்ட நிலையிலன்றோ தம்மைக் கொல்வோருக்காக வேண்டினார்? ஸ்தேவானும் கல்லெறியின் நடுவிலன்றோ வேண்டினான்? கட்டுண்டவரின் மன்னிப்பே நற்செய்தியின் உச்சம் அல்லவா?

இம்மறுப்பை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. யோவான் 10ஆம் அதிகாரம் இதற்குத் துணை செய்கிறது. தம் உயிரை ஒருவரும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை, தாமே அதைக் கொடுப்பதாக இயேசு அங்கே கூறுகிறார். ஆணிகள் அவருடைய கைகளைக் கட்டின. அவருடைய சித்தத்தைக் கட்டவில்லை. அவ்வேண்டுதலால் அடி குறையும் என்றோ உயிர் தப்பும் என்றோ அவர் எதிர்பார்க்கவில்லை. இன்னொன்றும் உண்டு. சிலுவையருகே நின்ற தாயோ சீடனோ, மன்னித்துவிடும்படி அவருக்குப் போதிக்கவில்லை. சிலுவையில் தொங்குபவர் மன்னிக்கலாம். கீழே பத்திரமாக நிற்பவர் அதைக் கட்டளையாக்குவது வேறு காரியம். நாம் பெரும்பாலும் கீழே நிற்பவர்கள்.

6. நம் பங்கு

படத்தில் அங்குலியின் சிறுபிராயத்தைச் சிதைத்தவளாகக் காட்டப்படுபவள் கிறித்தவப் பள்ளியின் ஆசிரியையான ரேச்சல். நம்மவர் சிலர் இதற்காக வருந்தினர். ஒரு பெண்ணின் கொடுமையால் மற்றப் பெண்கள் சாகிறார்கள் என்னும் கதையமைப்பு ஒருதலையானது என்பதே என் கருத்தும். ஆயினும் பிரம்பையும் பாவ உணர்வையும் ஒருசேரப் பிள்ளைகள்மேல் சுமத்திய விடுதிகள் நம்மிடம் இருந்ததில்லை என்று சொல்லத்தக்கவர் யார்?

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நான் ஆயராக இருந்த ஒரு சபையில், கணவனிடம் அடிபட்ட பெண்ணொருத்தி மாலை வேளையில் குருமனைக்கு வந்தாள். “குடிக்காத நேரம் அவுக கொழந்த மாதிரி, ஐயா” என்றாள். அச்சொல்லை நான் அவளது அன்பின் சான்றாக எடுத்துக்கொண்டேன். 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தை வாசித்தேன், ஜெபித்தேன், பொறுமையால் அவனை ஆதாயப்படுத்தலாம் என்று தேற்றி வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த மாதம் கை முறிந்து அவள் அரசு மருத்துவமனையில் கிடந்தாள். நான் காணச் சென்றபோது என்னிடம் குறையொன்றும் சொல்லவில்லை; சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பின்னர் அவள் ஆலயத்துக்கு வரவில்லை. தாகினி அதே சொல்லைச் சொன்னபோது எனக்கு நினைவில் வந்தது அந்தச் சுவர்ப்பக்கம் திரும்பிய முகம்.

அவள் பொய் சொல்லவில்லை. அவனிடத்தில் ஒரு குழந்தையும் இருந்திருக்கலாம். ஆனால் அக்குழந்தையைத் தேடிச் செல்லவேண்டியவன் நான், திருச்சபையின் மூப்பர்கள். நாங்கள் செய்யவேண்டிய வேலையை அவள் முதுகில் ஏற்றி அனுப்பினேன். தாகினியின்மேல் படம் ஏற்றும் சுமையும் அதுவே.

ஆயர்ப் பணிக்கு ஆயத்தமாகும் மாணவருக்கு இதிலிருந்து சில காரியங்கள் சொல்லலாம். அடிபட்டவள் வந்தால் முதலில் கேட்கவேண்டியது, இன்றிரவு அவளுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதே. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், அவளுக்கு அந்த வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணை பெறும் உரிமையையும் அளிக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. இவற்றை அறிந்திருப்பது ஆயர்ப் பணிக்குப் புறம்பானதன்று. கணவனைத் தனியே சந்தித்து மனந்திரும்புதலுக்கு அழைக்கவேண்டும். காயங்களைக் கழுவிய சிறைக்காவலனைப் போல அவன் செய்கையிலே அது தெரியவேண்டும். மன்னிப்பைப் பற்றி அவளே பேசத் தொடங்கும் நாள் வருமானால் அன்று கேட்டுக்கொள்வோம். வராவிடினும் அவளைக் குறைவான விசுவாசியென்று எண்ணாதிருப்போம்.

‘சைக்கோ’ குறைகளோடு கூடிய படம். எனினும் கொலைகாரனுக்குள்ளும் மனிதனைத் தேடும் அதன் வேட்கையை நான் மதிக்கிறேன். அது நம் விசுவாசத்துக்கு அயலானதன்று. அத்தேடலின் விலையை யார் கொடுப்பது என்பதிலேயே நான் வேறுபடுகிறேன். அடுத்த வாலிபர் கூட்டத்தில், கணக்கெழுதும் அந்தப் பெண்ணுக்கு இவ்வளவையும் சொல்ல எண்ணியிருக்கிறேன்.