வாசலில் நின்றவர் வீட்டுக்குள் வந்தபோது

மூடிய சமயக்குழு ஒன்றில் அகப்பட்டவர், அதைவிட்டு வெளியேறும் நாளிலேயே விடுதலை பெற்றுவிடுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அன்றுதான் துன்பத்தின் மற்றொரு பகுதி தொடங்குகிறது. எதை நம்புவது, யாரோடு பழகுவது என்பதையெல்லாம் பிறரே முடிவு செய்த வாழ்விலிருந்து வருபவர், ஒரு மாலைப் பொழுதை இன்பமாகக் கழிக்கவும் அஞ்சுவார். 'மகிழ எனக்கு உரிமை உண்டா?' என்னும் வினா அவரைத் தொடர்ந்து வரும். இவ்வினாவை நேர்மையோடு எதிர்கொள்ளும் நூல், மேகன் ஃபெல்ப்ஸ்-ரோப்பர் 2019-இல் வெளியிட்ட 'அன்ஃபாலோ' என்னும் தன்வரலாறு. 'பின்தொடர்வதை விட்டுவிடு' என்பது தலைப்பின் பொருள்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துத் தொபீகா நகரில் 1955-இல் தொடங்கப்பட்டது வெஸ்ட்பரோ பாப்திஸ்துச் சபை. நிறுவியவர் ஃபிரெட் ஃபெல்ப்ஸ்; உறுப்பினரில் பெரும்பாலோர் அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. 1991 முதல் இவர்கள் வீதியில் நின்று பதாகை ஏந்தினர். தன்பால் ஈர்ப்பினர், யூதர், கத்தோலிக்கர் எனப் பலரும் இறைவனின் வெறுப்புக்கு உரியவர் என்பதே அவர்கள் பறைசாற்றிய செய்தி. போரில் மாண்ட வீரர்களின் அடக்கச் சடங்குகளின்போதும் மறியல் செய்தனர். நிறுவனரின் பேத்தியான மேகன், ஐந்து வயதுச் சிறுமியாகப் பதாகை பிடிக்கத் தொடங்கியவர். 2012 நவம்பரில், தம் இருபத்தாறாம் வயதில், தங்கையோடு வெளியேறினார்.

வெறுப்பைப் பரப்பிய குழுவைப் பற்றி வெறுப்போடு எழுதுவது எளிது. மேகன் அவ்வழியை நாடவில்லை. தம் தாயின் பரிவு, உடன்பிறந்தாரின் சிரிப்பு, ஒருவர் சுமையை மற்றவர் தாங்கிய வீடு ஆகியவற்றை அவர் மறைக்காமல் எழுதுகிறார். அதனால்தான் பிரிவின் வலி நம்மைத் தொடுகிறது. கொடியவரிடமிருந்து தப்பியவளின் கதையாக இதை வாசிக்க முடியாது. தாம் நேசித்தவர்களை இழந்த ஒரு மகளின் கதையாகவே இது நிற்கிறது. நூலின் முதற்சிறப்பு இதுவே.

ஐயம் எவ்வாறு பிறந்தது என்பதைச் சொல்லும் பகுதிகளும் சிறந்தவை. எருசலேமில் வாழ்ந்த தாவீது அபித்போல் என்னும் யூதர், ட்விட்டர் வழியே மேகனோடு வாதிட்டவர். தன்பால் ஈர்ப்பினருக்கு மரணதண்டனை கோரிய பதாகையைச் சுட்டி, பாவமில்லாதவரே முதற்கல் எறியட்டும் என்ற இயேசுவின் சொல்லை அவர்தாம் நினைவூட்டினார். கொன்றுவிட்டால் மனந்திரும்ப இடமேது என்பது அவர் கேள்வி. கிறிஸ்தவச் சபை ஒன்றின் மகளுக்கு யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தை ஒரு யூதர் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது! பின்னர், சபையின் புதிய மூப்பர்கள் தம் தாயை ஒதுக்கித் தாழ்த்திய விதம் அந்த ஐயத்தை முற்றச் செய்தது.

புண்பட்ட மனத்திற்குப் பயணம், படைப்பு, கூட்டுறவு ஆகிய மூன்றும் மருந்து என்று பலரும் சொல்வர். ஆயின் இந்நூலைக் கூர்ந்து வாசிப்போருக்கு ஒன்று புலப்படும். இம்மூன்றும் வெஸ்ட்பரோவிலேயே நிறைய இருந்தன. மறியலுக்காக அவர்கள் நாடெங்கும் பயணம் செய்தனர். புகழ்பெற்ற பாடல்களின் மெட்டுகளில் சாபச் சொற்களை அமைத்துப் பாடினர். பதாகைகளை வண்ணவண்ணமாகத் தீட்டினர். கூட்டுறவுக்கோ குறைவே இல்லை. அப்படியாயின், நோயாக இருந்தவை மருந்தானது எவ்வாறு?

விடையை நூலின் பிற்பகுதி நிகழ்ச்சிகளாகக் காட்டுகிறது. வெளியேறிய சகோதரியர் தென் டகோட்டாவின் கருங்குன்றுப் பகுதியிலுள்ள டெட்வுட் என்னும் சிற்றூருக்குச் சென்று தங்கினர். அங்கு அவர்கள் தீர்ப்பிடப் போகவில்லை. வாசிக்கவும் சிந்திக்கவும் போனார்கள். அபித்போலின் அழைப்பை ஏற்று, 2013-இல் கலிபோர்னியாவில் நடந்த யூதப் பண்பாட்டு விழாவுக்கும் சென்றனர். முன்பு மேகன் பதாகையோடு எதிர்த்து நின்ற அதே விழா அது! லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ரபியின் குடும்பம் அவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்தது. வாசலில் நின்று சபித்தவள் விருந்தினளாக உள்ளே அமர்கிறாள். தீர்ப்பிடச் செல்பவர் எத்தனை ஊர் போனாலும் தம் வீட்டைவிட்டுப் புறப்படாதவரே; விருந்தினராகச் செல்பவரே மெய்யாகப் பயணம் செய்கிறார்.

படைப்பும் அவ்வாறே மாறுகிறது. முன்பு சொல் பிறரைக் காயப்படுத்தும் கருவி. இப்போது தம்மைத் தாமே ஆராயும் கருவி. கூட்டுறவோ, ஒத்துப்போனால் மட்டும் அன்பு என்ற நிலையிலிருந்து, மாறுபட்டாலும் உறவு உண்டு என்ற நிலைக்கு உயர்கிறது. ஆயினும் இம்மகிழ்ச்சி துயரம் கலந்ததே. உள்ளே இருக்கும் பெற்றோரின் கதவு மூடியே இருக்கிறது. மேகன் அதை மறக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

குறைகளும் உண்டு. நூலின் பெரும்பகுதி சபைக்குள் கழிந்த ஆண்டுகளுக்கே செல்கிறது. குணமடைந்த காலம் விரைந்து முடிந்துவிடுகிறது. இக்காலத்தையே அறிய விரும்பும் வாசகர் ஏமாற்றமடைவர். அதனினும் பெரிய குறை, நூல் எடுக்கும் முடிவில் இருக்கிறது. பொறுமையான உரையாடலே மனிதரை மாற்றும் என்பது ஆசிரியரின் துணிபு. 2017-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையிலும் அதற்கான நெறிகளை வகுத்தார். ஆனால் அவர் கதையே வேறொன்றைச் சொல்கிறது. 2010-இல் ஒரு மறியலின்போது அபித்போல் எருசலேமிலிருந்து இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். மேகனும் அவருக்கென யூத உணவு நெறிக்கு ஏற்ற சாக்லேட் கொண்டுவந்திருந்தார். அப்போதும் அவர் கையில் யூதரைப் பழிக்கும் பதாகை இருந்தது! வாதம் வேர்கொள்வதற்கு மண்ணைப் பண்படுத்தியது அந்த விருந்தோம்பலே. இதை நிகழ்ச்சியாகச் சொல்லும் ஆசிரியர், கருத்தாக உணர்ந்து சொல்லவில்லை. மேலும், இத்தகைய நண்பர் வாய்க்காமல் வெளியேறுவோர் கதி என்ன என்ற கேள்வியும் விடையின்றி நிற்கிறது.

அக்கேள்வி நம்மை நோக்கியும் வருகிறது. இறுகிய குழுக்களிலிருந்து மனமுடைந்து வெளியேறுவோர் நம் பங்குகளின் அருகிலும் இருக்கலாம். அவர்களைக் கண்டவுடன் செபக்கூட்டத்திற்கு அழைக்கவும், பெயரைப் பதிந்துகொள்ளவும் நமக்கு ஆர்வம் எழுவது இயல்பு. ஆனால் ஒரு கூட்டத்தின் பிடியிலிருந்து வந்தவரை உடனே மற்றொரு கூட்டத்தின் கையில் ஒப்படைப்பது மருத்துவமாகாது. எந்தக் கைம்மாறும் கேளாமல் ஒரு வேளை உணவும், தங்க ஓர் அறையும், எதுவும் பேசாமல் இருக்கும் உரிமையும் தர நம்மால் முடியுமா? லாஸ் ஏஞ்சலிஸின் அந்த யூத இல்லம் தந்தது. நாமும் தர இயலுமா என்று நம் மனத்தைக் கேட்கத் தூண்டுவதே இந்நூலை வாசிப்பதால் விளையும் பயன்.