ஐந்து மணி நேரக் களப்பணி: ஒரு பாடத்திட்டத்தை வாசித்தல்

பாடத்திட்டங்களை யாரும் விமர்சன நோக்கில் வாசிப்பதில்லை. பாடம் நடத்துகிறோம், தேர்வு வைக்கிறோம், மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு தலைமுறையின் நேரத்தை எதற்கு எவ்வளவு ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் எழுத்து அது. அப்படிப்பட்ட ஒரு பக்கத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இளநிலை மாணவர்களுக்கான யுஜிசியின் சுற்றுச்சூழல் மையப் பாடத்திட்டம், எட்டாவது அலகு, களப்பணி.

பின்னணி சுருக்கமாக. 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. 2000-களின் தொடக்கத்தில் எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் பொதுவான ஆறு மாதப் பாடம் வந்தது. மொத்தம் 50 வகுப்பு மணி. அதில் களப்பணிக்கு 5. மதிப்பெண்ணிலோ 100-க்கு 25. நேரத்தில் பத்தில் ஒரு பங்கு, மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு. அதிக மதிப்பெண்ணைக் குறைந்த நேரத்துக்கு வைத்தால் என்ன நடக்கும்? கடையில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட பதிவேடு வரும். நான் புரட்டிப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஏரி, ஒரே கொக்கு, ஒரே முன்னுரை. 2023-ல் யுஜிசி புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டுவிட்டது. பதிவேட்டுப் பழக்கம் மட்டும் போகவில்லை.

அந்த அலகின் வினைச்சொற்களைக் கவனியுங்கள். உள்ளூர்ப் பகுதி ஒன்றுக்குச் *செல்*, அங்குள்ள வளங்களை *ஆவணப்படுத்து*. மாசடைந்த உள்ளூர் இடம் ஒன்றுக்குச் *செல்*. செடி, பூச்சி, பறவைகளைக் *கவனி*. குளம், ஆறு போன்ற எளிய சூழல் தொகுதிகளைக் *கவனி*. எங்குமே 'அள' என்ற சொல் இல்லை. அளக்காமல் போய்வருவது சுற்றுலா. சரியாகச் சொன்னால், பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே அதில் எழவில்லை.

அதற்காக முழுவதையும் தள்ளிவிட மாட்டேன். அதில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: 'உள்ளூர்'. கொடைக்கானலுக்குப் போ என்று சொல்லாமல், பக்கத்தில் பார் என்கிறது. அந்தச் சொல்லை நாம்தான் வீணடித்துவிட்டோம்.

பக்கத்தில் என்ன இருக்கிறது?

சென்னையின் மேற்குப் புறநகரையே எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகிறது. இந்த ஏரிகளுக்கு நடுவில் 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அதே தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் தண்ணீர் புகுந்து இயந்திரங்கள் பாழாயின. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி பூங்காவாகிவிட்டது. கரையில் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அதன் வரத்துக்கால்வாய் எங்கே இருக்கிறது என்று தெரியும்? பூந்தமல்லிக்கு வடக்கே கூவம். தெற்கே செம்பரம்பாக்கம், அதன் உபரி அடையாற்றுக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் நொடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிடப்பட்டதும், 2019 கோடையில் தரை தெரிய வறண்டு கிடந்ததும் அதே ஏரிதான். இரண்டு ஆறுகளுக்கும் இடையிலான நீர்பிரிமேடு எங்கே ஓடுகிறது என்று தெருத்தெருவாக நடந்து கண்டுபிடிப்பது ஒரு முழுநாள் வேலை. அந்த ஒரு நாளில் வரைபடம் வாசிக்க வந்துவிடும்.

அடியில் போனால் இன்னும் சுவாரசியம். வண்டலுக்குக் கீழே கோண்ட்வானா காலத்துக் களிப்பாறை இப்பகுதியில் பல இடங்களில் தட்டுப்படுகிறது. இதன் மேல்நிலை அடுக்குகளுக்கு ஸ்ரீபெரும்புதூர் பெயரையே வைத்திருக்கிறார்கள். பல்லாவரத்துக்கு ஒரு பஸ் ஏறினால் சார்னோகைட். பிரிட்டிஷ் புவியியலாளர் ஹாலண்ட் 1893-ல் அந்தப் பெயரை வைத்தது கல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான். அந்தக் கல்லும் இந்த வட்டாரத்துப் பாறைதான். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில். அதே ஆண்டு அவர் போன அதிரம்பாக்கத்தில், கொசஸ்தலையாற்றுப் படுகையில், சாந்தி பப்பு குழுவினர் செய்த அகழாய்வு இந்தியக் கற்கருவிகளின் காலத்தைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்குப் பின்னால் கொண்டுபோனது. இவ்வளவும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம்.

யாருக்கு இந்தக் களம்?

புவியியலில் 'களம்' என்றதும் நமக்கு ஒரு படம் வந்துவிடுகிறது. சுத்தியல், தோள்பை, பத்து நாள் முகாம், அரியலூர் அல்லது சேலம். அந்தப் படத்துக்குள் நுழைய முடியாதவர் பலர். ராத்தங்கலுக்கு வீட்டில் அனுமதி கிடைக்காத பெண். சனி, ஞாயிறு பட்டறையில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டுகிற பையன். கரடுமுரடான தரையில் நடக்க முடியாத மாணவர். "கழிப்பறை இருக்குமா மேடம்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாததாலேயே பெயர் கொடுக்காதவர்கள் உண்டு. இது கல்லூரி வாசலோடு முடிகிற விஷயமும் இல்லை. 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்க வேலையிலிருந்து விலக்கி வைத்திருந்தது. 2019-ல்தான், அதுவும் நிபந்தனைகளோடு, தளர்வு வந்தது. 1983-லேயே சுதிப்தா சென்குப்தா என்ற புவியியலாளர் அண்டார்டிகாவுக்குப் போய்விட்டார். ஆனால் ஒருவர் அண்டார்டிகா போனதை வைத்து ஆயிரம் பேருக்கு வழி திறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அருகிலுள்ள களம் இங்கேதான் உதவுகிறது. 2021 மே முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பலாம். அந்த ஐந்து மணி நேரத்தில் இதைச் செய்யட்டும்: அயப்பாக்கம், திருமுல்லைவாயல் பக்கம் பத்துத் திறந்த கிணறுகள். கைப்பிடிச்சுவரிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி, சுவரின் உயரம் எவ்வளவு, நீரின் மின்கடத்துத்திறன் என்ன. மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை. கூடவே ஆழ்துளைக் கிணறு போடுகிறவரிடம் "எத்தனை அடியில கல்லு தட்டுச்சு?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். 2015-ல் வீட்டுச் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை மாணவரே காட்டுவார். அந்த அனுபவம் வேறு ஊர்க்காரரிடம் கிடைக்காத தரவு.

வேலைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்த பிறகு, மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களுக்கு நீரியல், புவியியல் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். பூந்தமல்லி வரை மெட்ரோ தூண் எழுப்ப மண் பரிசோதனை வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கு யுபிஎஸ்சி தேர்வு எழுத முதுநிலைப் பட்டம் வேண்டும்; அந்தப் பட்டத்தை நோக்கி ஒரு மாணவியைத் திருப்பும் தருணம் பெரும்பாலும் இளநிலையில்தான். சென்னையில் புவியியல் துறை இருக்கும் கலைக் கல்லூரிகளே அரிது என்னும்போது, இந்தக் கட்டாயப் பாடம்தான் பலருக்கு ஒரே வாசல்.

ஒரு எதிர்வாதம்

இதற்கு ஒரு நண்பர் சொன்ன மறுப்பை ஒதுக்க முடியவில்லை. "வசதி இருக்கிறவன் பிள்ளைக்கு இமயமலை, நம்ம பிள்ளைக்குக் கூவமா?" நியாயமான கோபம். வண்டல் சமவெளியில் மட்டும் பழகியவருக்குப் பாறை மடிப்பு கண்ணில் படாது. மாசடைந்த நீரில் இறங்கு என்று யாரைச் சொல்கிறோம் என்பதில் சாதியின் நிழலும் இருக்கிறது. கையுறை, காலணி, தடுப்பூசி இல்லாமல் எந்த மாணவரையும் கொரட்டூர்க் கரையில் இறக்கக் கூடாது. அருகிலுள்ள களம் முதல் படி. பல்லாவரம் இரண்டாவது. மூன்றாவதாக அரியலூருக்குக் கல்லூரிச் செலவில் ஒரு பயணம், பெண் ஆசிரியரோடு, தங்குமிடமும் கழிப்பறையும் முன்கூட்டியே உறுதிசெய்து. முதல் படியைக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் மறந்தால், அது ஏற்றத்தாழ்வுக்கே புதுப்பெயர்.

எட்டாவது அலகைத் திருத்தச் சொன்னால் நான் இரண்டே மாற்றங்கள் கேட்பேன். 'செல்' என்ற இடத்தில் 'அள'. பதிவேடு மாணவரோடு வீட்டுக்குப் போகாமல் துறையிலேயே தங்க வேண்டும். இந்த வருஷம் ஒருத்தி அளந்த கிணற்றை அடுத்த வருஷம் இன்னொருத்தி அளந்து, "அக்கா, நீங்க எழுதினது சரியா வரலையே" என்று சண்டை போட வேண்டும். அறிவியல் தொடங்குவது அந்தச் சண்டையில்தான்.