பழவேற்காட்டுச் சேற்றுவெளியில் பறவை நோக்கும் கலை

பறவை நோக்கல் என்பது கண்ட பறவைக்குப் பெயர் சொல்வதோடு முடிந்துவிடும் பொழுதுபோக்கு என்று பலர் எண்ணினாலும், ஈரநிலத்தில், அதாவது ஆழமற்ற நீரோ ஈரமோ ஆண்டின் பெரும்பகுதி தங்கியிருக்கும் நிலத்தில், அது நீர், சேறு, ஒளி, பருவம் ஆகியவற்றைச் சேர்த்துப் படிக்கும் ஒரு தேர்ச்சியாகும். அந்தத் தேர்ச்சியைப் பயில விரும்புவோருக்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தைப் போல வாய்த்த இடம் தமிழகத்தில் மிகக் குறைவு. வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகம், இரண்டையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய், அதையொட்டிய உப்பளங்கள் என ஒரே நீர்த்தொடர் அங்கே விரிகிறது. காமராசர் துறைமுகமும், 1,500 மெகாவாட் திறன் கொண்ட வல்லூர் அனல்மின் நிலையமும் அந்தத் தொடரின் மீதே அமைந்திருக்கின்றன.

பழவேற்காடு ஓர் உவர்நீர் ஏரி, அதாவது ஆற்றின் நன்னீரும் கடலின் உப்புநீரும் கலந்து நிற்கும் காயல். இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய காயலான இது, ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் பொதுவாகக் கிடக்க, ஸ்ரீஹரிக்கோட்டா என்னும் நீண்ட மணல்தீவு அதை வங்கக்கடலிலிருந்து பிரிக்கிறது. தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சென்னையை ஒட்டிய கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவே என்பதால், இங்கே சேறு வெளிப்படுவதையும் மறைவதையும் தீர்மானிப்பவை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையும், முகத்துவாரத்தை மணல் அடைப்பதும் திறப்பதுமே. கார்த்திகையில் நீர் விரிந்து கிடக்கையில் கூழைக்கடாக்களுக்கு உகந்த ஏரி, தை பிறந்து நீர் வடியத் தொடங்கியதும் சிறு கரைப்பறவைகளுக்கு உரியதாகிவிடுகிறது.

அந்தச் சேற்றுவெளியில் பறவைகள் நிற்கும் ஒழுங்குதான் இக்கலையின் முதல் பாடம். ஈரம் காயத் தொடங்கிய விளிம்பில் உப்புக்கொத்திகள் சில அடி ஓடி, சட்டென நின்று, குனிந்து கொத்தி, மீண்டும் ஓடுகின்றன. பெரிய கண்ணும் குட்டை அலகும் கொண்ட இவை பார்த்து இரை தேடுபவை. மெல்லிய நீர்ப்படலம் படிந்த இடத்தில் கொசு உள்ளான்கள் தலை நிமிராமல் தைப்பதுபோல் கொத்திக்கொண்டே நகர்கின்றன. முப்பது கிராமைக்கூட எட்டாத எடையோடு இவை சைபீரியாவின் துருவச் சமவெளியிலிருந்து வருகின்றன என்று அறிந்த பிறகு, அவற்றின் ஓயாத பசியைக் காண்பவர் வேறு கண்ணோடு காண்பார். முழங்கால் அளவு நீரில் நெடுங்கால் உள்ளான் நிற்கிறது. நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகுடைய குதிரைமலைக் கோட்டானோ சேற்றின் ஆழத்தில் பதுங்கிய நண்டையும் புழுவையும் எடுக்கிறது. உள்ளான் குடும்பத்துப் பறவைகளின் அலகு நுனியில் அதிர்வையும் அழுத்தத்தையும் உணரும் நரம்பு முனைகள் செறிந்திருப்பதால், அவை காணாத இரையையும் கண்டெடுக்கின்றன. தொலைவில் நிறம் தெரியாதபோதும், எங்கே நிற்கிறது, எப்படிக் கொத்துகிறது என்ற இரண்டைக் கொண்டே தேர்ந்தவர் பறவையை அறிந்துவிடுகிறார்; இறகின் வண்ணத்தை மட்டும் நம்புபவருக்கு இந்த வெளி வெறும் சாம்பல் புள்ளிகளாகவே தெரியும்.

பூநாரையைக் காணவே பெரும்பாலோர் பழவேற்காட்டுக்கு வருகின்றனர் என்றாலும், அதன் இளஞ்சிவப்பைக் கண்டு வியந்ததோடு திரும்பிவிடுவது அதை அரைகுறையாகக் கண்டதே ஆகும். அது அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, நாக்கை முன்னும் பின்னும் இயக்கி நீரை உள்ளிழுத்து வெளியேற்றுகையில், அலகின் ஓரத்து நுண்தகடுகள் சிறு இறால் வகைகளையும் பாசியையும் வடிகட்டி நிறுத்துகின்றன. அந்த உணவிலுள்ள நிறமிகளே இறகுக்குச் சிவப்பை ஊட்டுகின்றன. இளம் பறவைகள் பழுப்புச் சாம்பலாக இருப்பதால், கூட்டத்தில் அவற்றின் பங்கைக் கவனிப்பவர் இனப்பெருக்கம் எப்படி நடந்தது என்பதற்கான குறிப்பையும் பெற முடியும். அழகும் அறிவும் ஒரே பார்வையில் சேரும் இந்த இடத்தில்தான் ரசனை முதிர்கிறது.

இந்த ரசனை தனியாக வளர்வதைவிடக் குழுவில் நன்றாக வளர்கிறது. ஏரியின் மேற்குக் கரையில், அண்ணாமலைச்சேரி போன்ற மீனவ ஊர்ப்புறங்களில் நிற்பவருக்குக் காலை வெயில் எதிரே விழுந்து பறவைகளை நிழலுருவாக்கிவிடுவதால், பிற்பகலைத் தேர்வதும், படகில் சுற்றிச் சென்று ஒளியை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொள்வதும் மூத்தவர்களிடம் கற்கும் நுட்பங்கள். பெருங்கூட்டத்தை எண்ணுவதும் அப்படியே: ஐம்பது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைக்கும் பரப்பை மனத்தில் கொண்டு, கூட்டம் முழுவதிலும் அத்தகைய பரப்புகள் எத்தனை என்று மதிப்பிடுகின்றனர், இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடும்போது பிழை குறைகிறது. 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் போன்ற அமைப்புகள் இத்தகைய பயிற்சியைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தன. 1987 முதல் சனவரிதோறும் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும், 2015-இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் அந்தப் பார்வையை ஆவணமாக்குகின்றன. பொங்கல் கணக்கெடுப்பில் ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் செலவிட்டு, கண்ட எல்லா இனங்களையும் இணையத்தில் பதிவு செய்தால் போதும் என்பதால், பள்ளி மாணவரும் அதில் பங்கேற்க முடிகிறது.

படகோட்டும் மீனவர்களையும், நீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களையும் வழிகாட்டிகளாக மட்டும் கருதும் வழக்கம் மாற வேண்டும். எந்தத் திட்டில் எந்த மாதம் சேறு வெளிப்படும் என்பதை நாளும் நீரில் இறங்கி அறிந்த அவர்களே இந்த வெளியின் முதல் வாசகர்கள். அதே அளவு திருத்தம் வேண்டிய இன்னொரு வழக்கமும் உண்டு. பறக்கும் படத்துக்காகப் பூநாரைக் கூட்டத்தை நோக்கிப் படகை விரட்டுவது, மேயும் நேரத்தையும் சேர்த்த ஆற்றலையும் பறவையிடமிருந்து பறிப்பதாகும். அப்படி எடுத்த படம் எவ்வளவு அழகாயினும் இக்கலைக்குள் அடங்காது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகுகளில் எண்ணெய் படிந்ததை நாடே கண்டது. ஒரு நீர்நிலை எதை இழந்தது என்று சொல்ல, இழப்புக்கு முன் அங்கே என்ன இருந்தது என்ற பதிவு வேண்டும். பழவேற்காட்டுக்குச் செல்லும் பறவை நோக்கர்கள் வழியிலுள்ள அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களிலும் கொசஸ்தலையின் கரையிலும் கும்மிடிப்பூண்டி வட்டத்து ஏரிகளிலும் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட கொக்கையும் உள்ளானையும் எண்ணிப் பதிந்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.